வலையையும் செய்தித்தொடர்பையும் பயில எந்நூல் உதவும்?

ஒரு சாஸ்திரத்தைக் கற்கப் புகுவோன் எந்த நூலைக் கையில் எடுக்க வேண்டும் என்னும் கேள்வி அச்சுப்பொறிக்கும் முற்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில், நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தி, நூலுக்கு ஆகாத குற்றம் பத்தையும் வேண்டிய அழகு பத்தையும் எண்ணிக் காட்டியதோடு, ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சிறப்புப் பாயிரம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வாரும் உளர் என்று அடுத்த சூத்திரத்தில் குறித்தும் வைத்தார். இலக்கணம்போல் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் துறைக்கு அந்த மூன்றும் உபரியாக இருந்திருக்கலாம். இணையத்தையும் வலைப்பக்கங்களையும் அவற்றைத் தாங்கும் செய்தித்தொடர்பு முறைகளையும் கற்பிக்கும் நூல்களுக்கோ, அந்த மூன்றும், அவற்றுள்ளும் விசேஷமாகக் காரணமும், ஏனைய எட்டினும் முக்கியமானவை என்பது இக்கட்டுரையின் துணிபு. பவணந்தியார் கருதியது நூல் எழுந்த காரணம். ஓர் ஏற்பாடு ஏன் இப்படி அமைந்தது, வேறு விதமாக ஏன் அமையவில்லை என்பதை நூல் கூறுகிறதா என்ற விசாரணையையும் அதனுள் அடக்கிக்கொள்ளலாம்.

கணினி வலையமைப்புகள் தோன்றிய நாள் முதலாக இக்கேள்விக்குப் பல விடைகள் தரப்பட்டு வந்துள்ளன. மூல ஆவணங்களையே படிக்க வேண்டும் என்போர் ஒரு சாரார். முறையான பாடநூலே வேண்டும் என்போர் ஒரு சாரார். கம்பியில் ஓடுவதைக் கண்ணால் காட்டும் நூலே நூல் என்போர் இன்னொரு சாரார். வேலைக்கு வேண்டியதை விரைவில் கற்பிக்கும் கையேடு போதும் என்பாரும் உளர். ஒவ்வொரு கொள்கைக்கும் அது பிறந்த சூழ்நிலையில் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொன்றிலும் பிற்காலம் வெளிப்படுத்திய ஒரு குறையும் இருக்கிறது.

மூலத்தையே படி என்னும் கட்சி

1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் கிராக்கர் எழுதிய ஒரு சிறு குறிப்பே ஆர்.எஃப்.சி. என்னும் ஆவண வரிசையின் முதல் இலக்கத்தைப் பெற்றது. கருத்துரை வேண்டி அனுப்பப்பட்ட குறிப்பு என்ற பணிவான பெயரோடு தொடங்கிய அவ்வரிசைதான் பின்னர் இணையத்தின் சட்டப் புத்தகமாக ஆயிற்று. ஜான் போஸ்டல் பதிப்பித்து 1981 செப்டம்பரில் வெளியான 791, 793 ஆகிய இரண்டும் முறையே ஐ.பி., டி.சி.பி. என்னும் நெறிமுறைகளை வரையறுத்தன. இவை எவருக்கும் விலையின்றிக் கிடைப்பவை. வியாக்கியானக்காரரின் பிழை கலவாதவை. தெளிவான மொழியில் அமைந்தவை. ஆகவே, முதல் நூல் இருக்க வழிநூல் எதற்கு என்று கேட்பது இயல்பே.

ஆயினும் மூலத்தை மட்டும் படிப்பவன் இரண்டு இடர்ப்பாடுகளைச் சந்திக்கிறான். முதலாவது, எது உயிரோடு இருக்கிறது, எது காலாவதியாயிற்று என்று மூலம் தானே சொல்வதில்லை. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு 1999 ஜூனில் 176 பக்கங்களில் ஓர் ஆவணம் வந்தது. 2014-இல் அது ஆறு ஆவணங்களாகப் பிரிக்கப்பட்டது. 2022-இல் அந்த ஆறும் மறுபடி திருத்தி அடுக்கப்பட்டன. 793-ஆம் ஆவணமோ 2022 ஆகஸ்டு வரை, அதாவது ஏறத்தாழ 41 ஆண்டுகள், பெயரளவில் நடப்பில் இருந்தது. அதற்கிடையில் நேர்ந்த திருத்தங்கள் பல்வேறு ஆவணங்களில் சிதறிக் கிடந்தமையால், டி.சி.பி. பற்றிய ஆவணங்களுக்கு வழிகாட்டியாக மட்டும் ஓர் ஆவணத்தை 2006-இல் வெளியிட்டு, 2015-இல் அதையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மூலத்தைப் படிக்கவே ஒரு துணை வேண்டும் என்பதை மூலத்தை ஆக்கியோரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் ஆழமானது. மூல ஆவணம் விதியைச் சொல்லும். விதி பிறந்த வேதனையைச் சொல்லுவது அரிது. 1986 அக்டோபரில், பெர்க்லியில் உள்ள லாரன்ஸ் ஆய்வுக்கூடத்துக்கும் அண்மையில் உள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் செல்லவேண்டிய வழியில் 40 பிட் மட்டுமே சென்றது. தரவைச் சுமக்கும் பொதிகள் நெரிசலில் தொலைந்தன. தொலைந்தவற்றை எல்லாக் கணினிகளும் திரும்பத் திரும்ப அனுப்பின. அதனால் நெரிசல் மேலும் பெருகியது. வான் ஜேக்கப்சன் இதன் காரணத்தை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான், அனுப்புவோன் மெல்லத் தொடங்கி, இழப்பைக் கண்டவுடன் வேகத்தைக் குறைக்கும் முறை பரவலாயிற்று. 1981-ஆம் ஆண்டின் ஆவணத்தில் இதற்கு இடமே இல்லை. அவ்வாவணத்தை வரிக்கு வரி மனனம் செய்தவனுக்கும், ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது வேகம் ஏன் சிறிது சிறிதாக ஏறுகிறது என்பது விளங்காது.

கீழிருந்து தொடங்குவதா, மேலிருந்தா

பாடநூல்களுக்குள் நீண்ட காலமாக நடந்துவரும் வாதம், எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பது பற்றியது. ஆண்ட்ரூ டானன்பாமின் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்' 1981-இல் முதற்பதிப்பாக வெளிவந்தபோது, செப்புக் கம்பியும் மின்னலையும் அடங்கிய கீழ் அடுக்கில் தொடங்கி, பயனர் காணும் மேல் அடுக்கை நோக்கி ஏறிச் சென்றது. சர்வதேசத் தர அமைப்பு அப்பொழுது உருவாக்கி வந்த ஏழடுக்கு மாதிரியே அதன் எலும்புக்கூடு. அஸ்திவாரம் அறியாமல் மாடி கட்டலாகாது என்னும் எண்ணம் பொறியியல் கல்விக்கு உவப்பானது. இந்தியாவில் குறைந்த விலைப் பதிப்பாகக் கிடைத்தமையும் சேர்ந்து, நம் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்களுக்கு இந்நூலே வலையமைப்பின் மறுபெயராக இருந்தது.

ஜிம் குரோஸும் கீத் ராஸும் எழுதி, 2000-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த பாடநூல் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. மாணவன் அன்றாடம் பழகும் வலை, மின்னஞ்சல், பெயர்த்தீர்வு முறை ஆகியவற்றில் தொடங்கி, இவை இயங்க அடியில் என்ன வேண்டும் என்று படிப்படியாக இறங்குவது அதன் முறை. தேவையை உணர்ந்தவனுக்குத்தான் விடை ருசிக்கும் என்பது இதன் கல்வித் தத்துவம். வலை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகத் தொடங்கிய காலத்தில் பிறந்தமையால் இந்த முறை அக்காலத்துக்குப் பொருந்தியும் வந்தது. குறை யாதெனில், இறங்கி இறங்கித் தரையைத் தொடுமுன்பே பயணம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது: அலைப் பண்பேற்றம், இரைச்சல், தடத்தின் கொள்ளளவு முதலியவற்றுக்கு அங்கே இடம் சுருக்கம். 1948-இல் கிளாட் ஷானன் நிறுவிய செய்திக் கோட்பாட்டின் மீதே தொலைத்தொடர்பு முழுவதும் நிற்கிறது. கைப்பேசி வலையமைப்புகளில் பணிபுரிய விரும்புவோன் இந்நூலோடு நின்றால் அரைக்கல்வியோடு நின்றவனாவான். அவனுக்கு சைமன் ஹேகின், ஜான் புரோக்கிஸ் ஆகியோரின் நூல்கள் தனியே வேண்டும்.

இவ்விரண்டு வரிசைகளுக்கும் அப்பால் ஒரு மூன்றாம் வழியும் உண்டு. என் மதிப்பீட்டில் அது பெற்ற கவனம் அதன் தகுதிக்குக் குறைவு. லாரி பீட்டர்சனும் புரூஸ் டேவியும் 1996-இல் வெளியிட்ட நூல், அடுக்குகளைக் காட்டிலும் பிரச்சினைகளுக்கு முதன்மை தருகிறது. இந்நூலை அவர்கள் பின்னர் கட்டற்ற உரிமத்தில் இணையத்திலேயே வெளியிட்டனர். ரேடியா பெர்ல்மன் 1992-இல் எழுதிய 'இன்டர்கனெக்ஷன்ஸ்' இன்னும் துணிவானது. பாலங்களும் சுவிட்சுகளும் சுழலில் சிக்காமல் இருக்க இன்றும் பயன்படும் கிளைமர முறையை வகுத்தவர் அவரே. அவர் ஒவ்வோர் ஏற்பாட்டையும் விளக்கிய கையோடு, அது எங்கே தவறாக அமைந்தது, வேறு எவ்வாறு அமைந்திருக்கலாம் என்று வாதிக்கிறார். அந்நூலில் பேசப்படும் கருவிகள் பல இன்று இல்லை, வாதங்கள் இருக்கின்றன. பழைய பதிப்பாயினும் பயன் தரும் நூலுக்கு இது ஒரு நல்ல உதாரணம்.

பிரத்தியட்சமே பிரமாணம்

ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் 'டி.சி.பி./ஐ.பி. இல்லஸ்ட்ரேட்டட்' முதல் தொகுதி 1994-இல் வெளிவந்தபோது, வலையமைப்பு நூல் எழுதும் முறையில் ஒரு புதிய மரபு தோன்றியது. நெறிமுறையை விவரிப்பதோடு நில்லாமல், உண்மையான கணினிகளுக்கிடையே ஓடும் பொதிகளை டி.சி.பி.டம்ப் என்னும் கருவியால் பிடித்து, அவ்வரிகளை அப்படியே அச்சிட்டு, வரி வரியாக விளக்கினார். எந்தெந்தக் கணினிகள், எவ்வாறு இணைக்கப்பட்டவை என்னும் வரைபடம் முன்னட்டையின் உட்புறத்திலேயே இருந்தது. நூல் அரங்கேறிய களத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய ஆசிரியர் இத்துறையில் சிலரே.

இம்முறையின் வலிமையை டிரேஸ்ரூட் என்னும் கருவியைப் பற்றிய அத்தியாயத்தில் காணலாம். ஒவ்வொரு ஐ.பி. பொதியும் தன் தலைப்பில் ஓர் ஆயுள் எண்ணைச் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கிறது. எண் பூஜ்யமானால் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவனுக்குத் தகவல் தெரிவிக்கிறது. வழிதவறிய பொதிகள் முடிவின்றிச் சுற்றாதிருக்க ஏற்பட்ட காவல் இது. ஆயுளை வேண்டுமென்றே ஒன்று என வைத்து அனுப்பினால் முதல் ரௌட்டர் தன்னை வெளிப்படுத்தும். இரண்டு என வைத்தால் இரண்டாவது. இப்படியே சென்றால் சேருமிடம் வரையிலான பாதை முழுவதும் திரையில் வரிசையாகத் தோன்றும். ஒரு காவல் ஏற்பாட்டைத் தேடும் கருவியாக மாற்றிய இந்த யுக்தியை விதியாகப் படிப்பவன் மறந்துவிடுவான். தன் கணினியில் தட்டிப் பார்த்து, வரிகள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கண்டவன் மறப்பதில்லை.

ஸ்டீவன்ஸ் 1999-இல் மறைந்தார். கெவின் ஃபால் திருத்திய இரண்டாம் பதிப்பு 2011-இல் வந்தது. எனினும் காலம் இம்மரபுக்கு எதிர்பாராத ஒரு சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. அந்நாளில் கம்பியில் ஓடியவை பெரும்பாலும் திறந்த மடல்கள். 2018-இல் மறைகுறியாக்க நெறிமுறையான டி.எல்.எஸ். 1.3-உம், 2021-இல் குவிக் நெறிமுறையும் தரமாக அறிவிக்கப்பட்ட பின், பொதியின் உள்ளடக்கத்தோடு போக்குவரத்துத் தலைப்பின் பெரும்பகுதியும் மறைக்கப்பட்டுவிட்டது. வயர்ஷார்க் போன்ற கருவிக்குத் திறவுச் சாவியைத் தந்தாலன்றிப் பார்ப்பவன் கண்ணுக்கு எட்டுவது சொற்பம். ஆகவே, நேரில் காட்டிக் கற்பிக்கும் நூல், இனி மறைப்பை நீக்கும் வழியையும் முதலிலேயே கற்பித்தாக வேண்டும். இதைச் செய்யாத நூல் 1990-களிலேயே நிற்கிறது என்று கொள்ளலாம்.

வலைப்பக்கக் கலையும் விரைவு நூல்களும்

வலைப்பக்கம் அமைக்கும் தொழிலுக்கு வந்தால் நூல்களின் ஆயுள் சட்டென்று குறுகுகிறது. 1995-இலேயே, ஒரு வாரத்தில் எச்.டி.எம்.எல். கற்பிப்பதாகத் தலைப்பிட்ட லாரா லெமேயின் நூல் விற்பனைக்கு வந்தது. நாட்கணக்கிலும் மணிக்கணக்கிலும் கல்வியை வாக்களிக்கும் நூல்கள் தொடர்ந்து பெருகின. இப்போக்கை மறுத்து, நிரலாக்கம் கைவரப் பத்தாண்டு வேண்டும் என்று பீட்டர் நார்விக் 2001-இல் எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. இரு தரப்பையும் நிதானித்து நோக்கினால், விரைவு நூலின் குற்றம் வேகத்தில் இல்லை என்று தோன்றுகிறது. தொடக்கக்காரனுக்கு ஒரு மாலைப் பொழுதில் ஒரு பக்கம் எழுந்து நிற்பதைக் காண்பது பெரிய ஊக்கம். பவணந்தியார் சொன்ன சென்றுதேய்ந்திறுதல் என்னும் குற்றமே இவற்றில் மிகுதி: முதல் அத்தியாயங்களில் பொறுமையாக விளக்கிவிட்டு, கடினமான இடம் வரும்போது செய்முறைப் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

அதனினும் கெடுதலானது, தற்காலிகமான உபாயத்தைத் தத்துவமாகக் கற்பித்தல். 1996-இல் டேவிட் சீகல் எழுதிப் பெரும்புகழ் பெற்ற நூலொன்று, அட்டவணைகளையும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படங்களையும் கொண்டு பக்கத்தை வடிவமைக்கக் கற்றுத் தந்தது. அன்றிருந்த பிரவுசர்களில் அழகுக்கு வேறு வழி இல்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். தரமாக அறிவிக்கப்பட்டும், அந்த உபாயம் பல ஆண்டுகள் வழக்காகவே நீடித்தது. இதே நோக்கில் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் 2008-ஆம் ஆண்டுச் சிறுநூலைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஜாவாஸ்கிரிப்டில் அடைப்புக்குறிக்குள் அடங்கும் மாறிகள் இல்லாமையால், மாறிகளைச் சார்பின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. 2015-இல் மொழியிலேயே அதற்கு வழி பிறந்துவிட்டபடியால் அறிவுரை காலாவதியாயிற்று. ஆனால் காரணத்தையும் கூடவே சொல்லியிருப்பதால், அறிவுரை எந்த இடத்தில் காலாவதியாயிற்று என்பதைப் படிப்பவன் தானே கண்டுகொள்ள முடிகிறது. சீகலின் நூலைக் கைக்கொண்டவர்கள் பலருக்கு அந்த வசதி கிட்டவில்லை.

2019-இல் எச்.டி.எம்.எல். தரத்தைப் பேணும் பொறுப்பைப் பற்றி இரு தர அமைப்புகள் உடன்பட்டு, இடைவிடாமல் திருத்தப்படும் ஒரே ஆவணத்தை ஏற்றபின், பதிப்பெண்ணை அட்டையில் தாங்கிய நூல்களுக்கு அந்த எண் தந்துவந்த உத்தரவாதமும் தளர்ந்துவிட்டது.

தத்துவம் மட்டும் நிலைக்குமா

மேற்கண்டவற்றிலிருந்து, கருவிகளை விட்டுத் தத்துவங்களை மட்டும் கற்பிக்கும் நூலைத் தேர்ந்துகொண்டால் போதும் என்ற முடிவுக்குப் பலர் வருகின்றனர். இதில் உண்மை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும், 8,000 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு கணினிக்குச் சென்று திரும்ப 80 மில்லிவிநாடி ஆகும். டி.சி.பி. கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, டி.எல்.எஸ். 1.3-க்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு சுற்று என மூன்று சுற்றுகள் கழிந்தால், முதல் எழுத்து வந்து சேருமுன் 240 மில்லிவிநாடி போய்விடுகிறது. எத்தனை விலையுயர்ந்த இணைப்பும் இதைக் குறைக்காது. சுற்றுகளைக் குறைத்தால்தான் குறையும். இல்யா கிரிகோரிக் 2013-இல் எழுதிய நூலில் அன்றைய பிரவுசர்களைப் பற்றிய பகுதிகள் வாடிவிட்டாலும், தாமதத்தைப் பற்றிய பகுதி வாடாமல் இருப்பது இதனால்தான்.

ஆனால், எது தத்துவம், எது கருவி என்று அந்தந்தக் காலத்திலேயே பிரித்தறிவது எளிதன்று. 1990-களின் நடுவில் ஏ.டி.எம். என்னும் முறை குரலையும் தரவையும் படத்தையும் ஒன்றாகச் சுமக்கப்போகும் எதிர்காலமாகக் கருதப்பட்டது. டானன்பாமின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதற்குப் பெரும் இடம் ஒதுக்கியது. இன்று அது வரலாற்றுக் குறிப்பு. ஏழடுக்கு மாதிரியும் அப்படியே: அதன் நெறிமுறைகள் வழக்கொழிந்தன, அதன் பெயர்கள் மட்டும் தேர்வுத்தாள்களிலும் தொழில்துறையினர் பேச்சிலும் நிலைத்தன. மிகச் சிறந்த ஆசிரியரும் தம் காலத்தின் நம்பிக்கையைத் தத்துவமென்று எண்ணக்கூடும்.

தமிழில் பயில்வோர் நிலை

தமிழ் வாசகருக்கு இத்துறையில் இருக்கும் வாய்ப்பு சிறிது, எனினும் சூனியமன்று. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும், து. நித்யா 'எளிய தமிழில்' என்னும் தலைப்பு வரிசையில் எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட நூல்களும் தொடக்கக்காரருக்கு நல்ல வாயிலாக உள்ளன. வலைப்பக்க மொழிகளும் தரவுத்தள மொழியும் இவ்வாறு தமிழுக்கு வந்துள்ளன. நெரிசல் கட்டுப்பாடு, திசைவித்தல், அலைத்தொடர்பு ஆகிய ஆழ்ந்த பகுதிகளுக்கோ மாணவர் பெரும்பாலும் ஆங்கில நூல்களையே நாட வேண்டியுள்ளது.

ஆங்கில நூலைத் தேர்கையிலும் தமிழர் தனியே கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யு.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகள். அச்சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்கிறது. அதை இரண்டாம் குறியீட்டோடு வெட்டினால் மகரம் தன் இகரத்தை இழந்து 'தம' என்று நிற்கும். எழுத்து, குறியீடு, பைட்டு மூன்றையும் ஒன்றாகப் பாவிக்கும் நூல், ஆங்கில எழுத்துகளுக்குப் பாதகமின்றி ஓடும் நிரலைக் கற்பித்து, தமிழுக்கு வந்தவுடன் உடையும் நிரலை எழுதவைக்கும். 1999-இல் தமிழக அரசு தாம், தாப் குறிமுறைகளை அறிவித்து, 2010-இல் யூனிகோடுக்கு மாறிய வரலாற்றை அறிந்த நமக்கு இது சிறு விஷயமன்று. ஆகவே, வாங்குமுன் சரங்களைப் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்பது, பொருளடக்கம் முழுவதையும் படிப்பதினும் அதிகம் அறிவிக்கும். அதேபோல், நெறிமுறை ஒன்றைச் சொல்லுமிடத்தில் அதன் ஆர்.எஃப்.சி. இலக்கமும் ஆண்டும் தரப்பட்டுள்ளனவா என்றும், கைவிடப்பட்ட மாற்று வழி ஒன்றாவது விவாதிக்கப்படுகிறதா என்றும் பார்த்தால், நூலின் காலமும் வழியும் காரணமும் கடையில் நிற்கும்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னும் தீராதவை

கீழிருந்து கற்றவரும் மேலிருந்து கற்றவரும் தொழிலில் பல ஆண்டு கழித்து எவ்வாறு வேறுபடுகின்றனர் என்பது பற்றி வலுவான ஒப்பீடின்றியே இவ்வாதம் நடந்து வருகிறது. இரு தரப்பும் பெரிதும் ஆசிரியர் அனுபவத்தின் மீதே நிற்கின்றன. ஆகவே ஒரு வரிசையை மட்டுமே சரியென்று விதிப்பதற்கு இப்பொழுது ஆதாரம் போதாது. வலைத்தளம் அமைப்போருக்கு மேலிருந்து இறங்கும் வரிசையும், வானொலி அலைகளோடும் ஒளியிழைகளோடும் பணிபுரிவோருக்குக் கீழிருந்து ஏறும் வரிசையும் அனுகூலமாக இருக்கலாம் என்ற அளவில் நிற்பதே பொருந்தும். நாள்தோறும் திருத்தப்படும் தர ஆவணத்தோடு, பதிப்பாகக் கட்டப்பட்ட நூல் எவ்வாறு உறவாட வேண்டும் என்பதும் தெளிவாகவில்லை: பீட்டர்சன், டேவி இருவரும் தம் நூலைத் திறந்துவிட்ட வழி ஒரு விடை, ஆனால் அவ்வாறு எழுதுவோருக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை. தமிழைப் பொறுத்தவரை, முதலில் வேண்டியது மேலைப் பாடநூலின் மொழிபெயர்ப்பா, அல்லது நம் எழுத்தையும் நம் வலையமைப்புகளில் பிடித்த பொதிகளையும் கொண்டு ஸ்டீவன்ஸின் முறையில் புதிதாக எழுதப்படும் நூலா என்பது இன்னும் விவாதிக்கப்பட வேண்டிய பொருள். இரண்டாவதே நமக்கு அதிகப் பயன் தரும் என்று நான் கருதுகிறேன். அதை எழுதத் துணிவோர், தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு நாள் ஓடும் பொதிகளைப் பதிவு செய்வதிலிருந்தே தொடங்கலாம்.